செல்வரட்ணத்தின் வில்லுக்கத்தி

கொலை வழக்கு என்றதும் சனம் தண்டனையைத்தான் விசாரிக்கும். தூக்கா, ஆயுளா, எத்தனை வருஷம் என்று கேட்கும். பத்மாவதிக்கு அந்தப் பக்கம் மனம் போகவே இல்லை. புருஷனைப் பற்றி நீதிமன்றத்தில் ஒரு வசனம் மட்டும் எழுதப்படக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ‘செல்வரட்ணம் வலை வெட்ட வந்தவர்’ என்பதுதான் அந்த வசனம்.

இதென்ன பெரிய காரியம் என்று நீங்கள் நினைக்கலாம். வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுக்கிற சனத்தோடு பழகியிருந்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். கோபம் வந்தால் அங்கே தூஷணம் கொட்டும், கைகலப்பும் வரும். பின்னேரமானால் அதே ஆட்கள் ஒரே வாடிக் கொட்டிலுக்குள் இருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். ஆனால் ஒருவனுடைய வலையிலோ கயிற்றிலோ இன்னொருவன் கத்தி வைத்தால் அதற்கு அந்தக் கரையில் மன்னிப்புக் கிடையாது. செல்வரட்ணத்தின் செத்தவீட்டுக்கு வந்த சனத்தில் பாதி படலைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. பிரேதத்துக்குப் பக்கத்தில் இருந்தபடியே பத்மாவதி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செல்வரட்ணத்தின் ஆட்கள் பழைய முறைப்படி கையால் வலை இழுப்பவர்கள். பக்கத்துப் பாட்டில், அதாவது வலை போடுகிற பக்கத்துக் கரைத்துண்டில், நிருஷன் என்ற இளந்தாரி உழவு இயந்திரத்தில் உருளை பூட்டிக் கயிற்றைச் சுற்ற வைத்து இழுப்பவன். இயந்திரம் இழுத்தால் கடலடி வழித்துக்கொண்டு வரும், குஞ்சு மீனும் மிஞ்சாது என்று இரண்டு பகுதிக்கும் வாய்த்தர்க்கம் நடந்துகொண்டே இருந்தது. ஒருநாள் காலை அது நன்றாக முற்றிவிட்டது. அதற்குப் பிறகு, நிருஷனின் கயிறு இழுபட்டுக்கொண்டிருந்த நேரம், செல்வரட்ணம் மடக்கி வைக்கிற தன் வில்லுக்கத்தியைத் திறந்து பிடித்தபடி அந்தக் கயிற்றை நோக்கி ஓடினார். நிருஷன் கையில் அகப்பட்ட துடுப்பால் அவருடைய தலையில் அடித்தான். ஒரே அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

பொலிஸ் வந்து மணலில் கிடந்த கத்தியைப் படம் எடுத்தது. நிருஷன் விளக்கமறியலுக்குப் போய், நெடுநாளைக்குப் பிறகு பிணையில் வந்தான். நீதவான் முன்னிலையில் தொடங்கிய வழக்கு யாழ்ப்பாணத்து மேல் நீதிமன்றத்துக்கு ஏறியது. அதற்குள் பத்மாவதியின் தலை பாதி நரைத்துவிட்டது.

விளக்கம், அதாவது சாட்சிகளை விசாரிப்பது, தொடங்கவிருந்த நாள் காலை, அரச சட்டவாதி அவளை உள்ளே கூப்பிடுவதாக ஆள் வந்து சொன்னது. பத்மாவதி தன் தம்பி தம்பிஐயாவையும் கூட்டிக்கொண்டு போனாள். அவன் கதை முழுவதும் ஒரே கதைதான். தூக்கு. இந்த நாட்டில் தூக்கு என்று தீர்ப்பு எழுதுவார்கள், தூக்குவதில்லை என்று யாரோ அவனுக்குச் சொல்லியும் இருந்தார்கள். எழுதினால் போதும், வாசித்துக் கேட்டுவிட்டுச் சாகலாம் என்பான்.

அறைக்குள் இருந்த அரச சட்டவாதி சின்னப் பெண். கீர்த்திகா என்று பெயர். மேசை நிறையக் கோப்புகள். அவள் எழுந்து வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, பத்மாவதி இருந்த பிறகுதான் தானும் இருந்தாள். எத்தனையோ அரசாங்கக் கந்தோர்ப் படி ஏறி இறங்கியவள் பத்மாவதி. ஒருவர் தனக்காக எழும்பியது இதுதான் முதல் தடவை என்று அவளுக்குப் பட்டது.

கீர்த்திகா விஷயத்தை நறுக்காகச் சொன்னாள். நிருஷனின் லோயர் நடராசா ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். கொலைக் குற்றச்சாட்டைக் குறைத்து, கொலையாகாத மரணம் விளைவித்தது என்று மாற்றினால், நிருஷன் விளக்கம் இல்லாமலே குற்றத்தை ஏற்றுக்கொள்வான். சட்டப் புத்தகத்தில் அது 296 இலிருந்து 297 க்கு இறங்குவது. கொல்ல வேண்டும் என்றே அடித்தால் முதலாவது. திடீரென்று மூண்ட ஆத்திரத்தில், சாகக்கூடும் என்று தெரிந்தும் அடித்தால் இரண்டாவது. இரண்டாவதற்கும் சிறை உண்டு, ஆனால் தூக்கில்லை. முடிவு கொழும்பில் இருக்கிற சட்டமா அதிபருடையது. என்றாலும் செத்தவரின் ஆட்களைக் கேளாமல் தான் எதையும் எழுதி அனுப்புவதில்லை என்றாள்.

தம்பிஐயா கொதித்தான். இதென்ன சந்தையோ, விலை குறைத்துக் கேட்பதற்கு என்றான். கீர்த்திகா கோபிக்கவில்லை. சந்தை போலத்தான் வெளியில் இருந்து பார்த்தால் தெரியும், ஆனால் விளக்கம் என்று போனால் சாட்சி மாறலாம், சாட்சி சாகலாம், பத்து வருஷம் கழித்து அவன் விடுதலையாகியும் போகலாம், எல்லாவற்றையும் யோசித்துத்தான் கேட்கிறேன் என்று அமைதியாகச் சொன்னாள்.

பத்மாவதி கதிரையை மேசைக்குக் கிட்ட நகர்த்தினாள். பிறகு கேட்டாள்.

“அவரைப் பற்றி என்ன எழுதுவியள், பிள்ளை?”

கீர்த்திகா கோப்பைத் திறந்து வாசித்தாள். இறந்தவர் கத்தியுடன் வலைக்கயிற்றை வெட்ட வந்ததால் எதிரிக்குத் திடீர் ஆத்திரம் ஏற்பட்டது என்று அதில் இருந்தது. எதிரி என்றால் குற்றஞ்சாட்டப்பட்டவர். எங்கள் நீதிமன்றங்களில் அப்படித்தான் சொல்வார்கள்.

“உவன் எத்தினை வருஷம் இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. உந்த வசனம் வேண்டாம்.”

“அம்மா, அந்த ஆத்திரத்தைக் காட்டித்தான் குற்றத்தைக் குறைக்கிறது. வேணுமெண்டால், வெட்ட வந்ததாக எதிரி நினைச்சவர் எண்டு மாத்தி எழுதலாம்.”

“நினைச்சவர் எண்டு நீங்கள் எழுதுவியள். வந்தவர் எண்டுதான் எங்கடை சனம் வாசிக்கும்.”

கீர்த்திகா பேனையை மேசையில் வைத்தாள். கோப்பில் இருந்த கத்தியின் படத்தை எடுத்துப் பார்த்தாள்.

“அப்ப கத்தி ஏன் அம்மா திறந்து கிடந்தது?”

“அதைத்தான் பிள்ளை நானும் இவ்வளவு காலமாக் கேக்கிறன். கத்தி இல்லாமல் அவர் கடற்கரைக்குப் போறேல்லை. ஆனால் சும்மா திறக்கிற ஆள் இல்லை.”

அந்தப் பிள்ளை என்ன செய்தது தெரியுமா? கோப்பை முதலில் இருந்து புரட்டத் தொடங்கியது. பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம், மரண விசாரணை, நீதவான் நீதிமன்றச் சாட்சியம் எல்லாவற்றையும் பார்த்தது. வெளியில் வழக்குக் கூப்பிடும் சத்தம் கேட்கிறது. வேறு யாராக இருந்தாலும் நேரம் போகிறதே என்று கையெழுத்தை வைத்துவிட்டு எழும்பியிருப்பார்கள். அவள் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டுத்தான் நிமிர்ந்தாள். கத்தி இருந்ததா என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், திறந்திருந்ததா என்றும் கேட்டிருக்கிறார்கள், எதற்காகத் திறந்தது என்று நிருஷனிடம் ஒருவரும் கேட்கவில்லை என்றாள். இதை இப்படியே வாசிக்க எனக்கு மனமில்லை, நீதிபதி மூலமாக அவனிடமே கேட்போம் என்று எழுந்தாள்.

மன்று கூடியது. குறைத்த குற்றச்சாட்டை நிருஷன் ஏற்கத் தயார் என்று நடராசா எழுந்து சொன்னார். நாற்பது வருஷமாகக் கொலை வழக்குப் பேசிய அப்புக்காத்து அவர். அவருடைய குரலுக்கே பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். கீர்த்திகா எழுந்து, ஒப்புக்கொண்ட சம்பவ விவரத்தை வாசிக்குமுன் அதிலே ஒரு விஷயத்தை எதிரியிடம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்று மன்றைக் கேட்டாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகக் கூண்டைப் பார்த்தார். கண்டிப்பான முகம்தான், ஆனால் அவசரமில்லாத குரல்.

“செல்வரட்ணம் கத்தியோடை ஏன் ஓடி வந்தவர்? உமக்குத் தெரிஞ்சால் சொல்லும். சொல்லாமல் விடுகிறதுக்கும் உமக்கு உரிமை இருக்கு. முதலிலை உம்முடைய லோயரோடை கதையும்.”

நடராசா கூண்டடிக்குப் போய் நிருஷனின் காதுக்குள் ஏதோ சொன்னார். என்ன சொல்லியிருப்பார் என்று பத்மாவதிக்கு ஊகிக்க முடிந்தது. வலை வெட்ட வந்தவர் என்று மூன்று சொல் சொன்னால் போதும், அவன் தப்பிவிடுவான். கட்டிய பேரம் அந்த மூன்று சொல்லில்தான் நின்றது. அவள் முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். சுவாமியைக்கூட அந்த நேரம் நினைக்கத் தோன்றவில்லை.

நிருஷன் கூண்டுக் கம்பியைப் பிடித்தான். விட்டான். திரும்பவும் பிடித்தான்.

“வலை வெட்ட வரேல்லை ஐயா.”

நடராசா சடாரென்று திரும்பினார். நீதிபதி கையை உயர்த்தி அவரை அமர்த்தினார்.

“என்னோடை கனிசியஸ் எண்டு ஒராள் வேலைக்கு நிண்டவன். அவன்ரை கால் கயித்துக்குள்ளை மாட்டிட்டுது. மிசின் இழுத்துக்கொண்டு இருந்தது. அவன் கத்தினது மிசின் சத்தத்திலை எனக்குக் கேக்கேல்லை. செல்வரட்ணம் அண்ணை கண்டிட்டார். கயித்தை வெட்டி அவனை எடுக்கத்தான் ஓடி வந்தவர். நான் கத்தியைத்தான் கண்டனான்.”

“இது உமக்கு எப்ப தெரியும்?”

“அண்ணை விழுந்த உடனை. துடுப்பைக் கீழை போட முதலே தெரியும். சனம் எல்லாம் அண்ணையைச் சுத்தி ஓடி வர, நான்தான் மிசினை நிப்பாட்டி அவனை எடுத்தனான்.”

“ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?”

“கத்தி இருந்ததோ எண்டு கேட்டவை, ஓமெண்டனான். ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.” அவன் பத்மாவதி இருந்த பக்கம் திரும்பினான். “கேட்டிருந்தாலும் அப்ப சொல்லியிருப்பனோ தெரியாது ஐயா.”

பத்மாவதி அழவில்லை. அவளுக்குக் கண்ணுக்கு முன்னால் கடற்கரை தெரிந்தது. சண்டை பிடித்த ஆளின் கயிறு, சண்டை பிடித்த ஆளின் வேலைக்காரன். அதையெல்லாம் பார்க்காமல் கத்தியை விரித்துக்கொண்டு ஓடுகிற அந்த மனிதனை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தைந்து வருஷம் அந்த மனிதனுக்குத்தான் சோறு போட்டிருந்தாள்.

இனித்தான் நீதிபதி செய்ததைப் பாருங்கள். மேசை நிறைய வழக்கு. எதிரி குற்றத்தை ஏற்கத் தயாராக நிற்கிறான், எழுதிக் கையெழுத்து வைத்தால் ஒரு வழக்குத் தீர்ந்தது. அவர் வைக்கவில்லை. கடதாசியில் இருப்பதும் எதிரியின் வாயில் வருவதும் வேறு வேறாக இருக்கும்போது அந்த ஒப்புதலைத் தான் பதிய முடியாது என்றார். கனிசியசைத் தேடி வாக்குமூலம் எடுக்கும்படி பொலிசுக்குச் சொன்னார். இரண்டு தரப்பும் திரும்ப யோசிக்க வேண்டும், அந்தப் பேரம் முறிந்தால் இன்றைக்கு இந்த இளைஞன் சொன்னதை வைத்து அவனை மடக்குவதற்கும் தான் இடம் கொடுக்கப் போவதில்லை என்றார். தவணை போட்டார். நடராசா கதிரையில் இருந்தபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் கட்சிக்காரன் தன் வழக்கைத் தானே உடைத்துவிட்டான். என்றாலும் அவர் வெளியே போகும்போது அவனுடைய தோளில் கையை வைத்ததைப் பத்மாவதி கண்டாள்.

நிருஷனின் தாய் மகாதேவி வாசலில் மகனை ஏசிக்கொண்டு நின்றாள். “வாய் கிடந்தால் எல்லாம் கதைக்கிறதோடா? நீ இல்லாமல் நான் என்னண்டு சீவிக்கிறது?” என்று கேட்டவள், ஏச்சு முடியுமுன்னமே அவனைக் கட்டிக்கொண்டாள்.

தம்பிஐயாவுக்கோ இப்போது கை ஓங்கியிருந்தது. உதவப் போன மனிசனைக் கொன்றிருக்கிறான், இனி 296 தான், குறைக்கிற கதையே இருக்கக் கூடாது என்று ஊருக்குப் போய்ச் சேருமட்டும் சொல்லிக்கொண்டு வந்தான். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று பத்மாவதியால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு உபத்திரவமாக இருந்தது. வலை வெட்ட வந்தவர் என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்தபோது நிருஷனின் மேல் இருந்த கோபம் ஒரு மாதிரி. உண்மை தெரிந்த பிறகு வந்த கோபம் வேறு மாதிரி, அது பெரிது. இரண்டு கிழமை அவள் வாடிப் பக்கமே போகவில்லை.

கனிசியஸ் மன்னார்ப் பக்கம் தன் ஊரில் இருந்தான். பயத்தில் அடுத்தநாளே ஓடிப்போனவன், பொலிஸ் போனதும் மறைக்காமல் சொன்னான். கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த தழும்பு வளையம் போலக் கிடந்தது. சட்ட வைத்திய அதிகாரி அதையும் பார்த்து எழுதினார்.

அடுத்த தவணைக்கு முன் கீர்த்திகா பத்மாவதியைத் திரும்பவும் கூப்பிட்டாள். இந்தமுறையும் கதிரை இழுத்துப் போட்டாள். இப்போது இரண்டு வழி இருக்கிறது என்றாள். கொலைக் குற்றச்சாட்டோடு விளக்கத்துக்குப் போகலாம். அல்லது 297 க்கே இறங்கலாம். ஆனால் காரணம் வேறு. செல்வரட்ணம் எந்த ஆத்திரமும் மூட்டவில்லை. நிருஷன்தான் பிழையாக நினைத்து அடித்தான். கொல்ல நினைத்து அடிக்கவில்லை, தலையில் அடித்தால் சாகலாம் என்று தெரிந்தும் அடித்தான். சட்டத்துக்கு அது போதும். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டேன், மறுக்கவில்லை என்றாள்.

தம்பிஐயா அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அந்த முகத்தில் விடை தெரிந்திருக்க வேண்டும்; அவன் எழுந்து யன்னலடியில் போய் நின்றுகொண்டான்.

“விளக்கம் நடந்தால் உந்தக் கதை மாறுமோ, பிள்ளை?”

“உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன் அம்மா. குறுக்கு விசாரணை எண்டால் எல்லாத்தையும் திருப்பித் திருப்பிக் கேப்பினம். கத்தியைப் பற்றியும் கேப்பினம். வலை வெட்டத்தான் வந்தவர் எண்டு திரும்பவும் வாதாடலாம்.”

பத்மாவதி கோப்பில் இருந்த கத்திப் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். கீர்த்திகா அவசரப்படுத்தவில்லை, கோப்பையும் புரட்டவில்லை.

“அவன் தன்ரை வாயாலை தனக்கு எதிராச் சொன்னவன்,” என்றாள் கடைசியில். “எனக்கு அவனிலை கோபம் போகேல்லை. போகாது. ஆனால் அவன் சொன்னதைப் பொய்யாக்க ஒரு விளக்கம் வேண்டாம். நீங்கள் அதை எழுதுங்கோ. சத்தமா வாசிக்கவும் வேணும்.”

அந்த நாளும் வந்தது. கரையில் இருந்து பத்துப் பன்னிரண்டு பேர் பின் வரிசை வாங்கில் இருந்தார்கள். செத்தவீட்டன்று படலைக்கு வெளியே நின்ற சிலரும் அதற்குள் இருந்தார்கள். பதிவாளர் குற்றச்சாட்டை வாசித்துக் கேட்டதும் நிருஷன் குற்றவாளி என்று சொன்னான். குரல் உடையவில்லை. கீர்த்திகா எழுந்து சம்பவ விவரத்தை வாசித்தாள்.

“இறந்த செல்வரட்ணம், இயந்திரம் இழுத்த கயிற்றில் சிக்கிய தொழிலாளி ஒருவரின் காலை விடுவிக்கும் நோக்கத்துடனேயே கத்தியைத் திறந்து ஓடிவந்தார். அவருக்கு வலையைச் சேதப்படுத்தும் எண்ணம் இருக்கவில்லை. எதிரி அதைப் பிழையாகக் கருதி, துடுப்பினால் ஒரு தடவை தலையில் தாக்கினார்.”

அவள் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். தட்டச்சுக்காரிக்காக என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பத்மாவதிக்குத் தெரியும், பின் வரிசையில் இருந்த கரைச் சனத்துக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக.

நீதிபதி நிருஷனைக் கேட்டார், இது சரியா என்று. ஓம் ஐயா, அப்படித்தான் என்றான். பிறகு இறந்தவரின் மனைவி ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார். பத்மாவதி எழுந்து நின்றாள். இரவெல்லாம் ஏதேதோ சொல்வதற்குச் சேர்த்து வைத்திருந்தாள். வாயில் வந்தது ஒரு கேள்விதான்.

“எழுதியாச்சோ ஐயா?”

நீதிபதி தட்டச்சு மேசையைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“எழுதியாச்சு அம்மா.”

“அப்ப சரி ஐயா.”

ஏழு வருஷக் கடூழியச் சிறை. இன்னும் கூட்டியிருக்கலாம் என்றும், தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் எதிரி மன்றில் உண்மை சொன்னதைத் தான் கணக்கில் எடுத்ததாகவும் நீதிபதி சொன்னார். பின் வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் வெளியே வந்ததும் பத்மாவதிக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நேரம் இருந்தால் வீட்டுப் பக்கம் வாங்கோ என்று அவள் சொன்னாள்.

மகாதேவி தூணோடு சாய்ந்து நின்றாள். கிட்ட வரவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் தடுமாறிக்கொண்டு நின்ற அவளிடம் பத்மாவதி தானே போனாள்.

“உன்ரை பிள்ளை சொன்னதாலைதான் இண்டைக்கு என்ரை மனிசன் மானத்தோடை கிடக்கிறார்,” என்றாள். “காலமை ஒண்டும் தின்னேல்லைப் போலை கிடக்கு. முதலிலை போய் ஒரு தேத்தண்ணி குடி.”

பருத்தித்துறை பஸ்ஸில் நல்ல சனம். பத்மாவதிக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. தம்பிஐயா முன் ஆசனத்தில் ஒரு அறிமுகமில்லாத மனிதருக்குப் பக்கத்தில் இருந்தான். நெல்லியடி தாண்டுமுன் அவனுடைய குரல் மெல்ல மெல்ல ஏறத் தொடங்கியது. வழக்கு என்று சொல்லி, மேல் நீதிமன்றம் என்று சொல்லி, என்ரை அத்தான் என்று சொல்லும்போது அவனுடைய முதுகு நிமிர்ந்தது. தூக்குக் கதை எங்கே போனதோ தெரியவில்லை. இயந்திரம் உறுமிக்கொண்டு இழுக்கிறது, ஒருத்தன் கால் உள்ளே போகிறது, ஒருத்தரும் காணவில்லை, என்ரை அத்தான் வெறுங்கையோடு பாய்ந்தார் பாருங்கோ என்று அவன் கையையும் வீசிக் காட்டினான்.

பத்மாவதி முன்னால் குனிந்து அவனுடைய தோளைத் தட்டினாள்.

“கையிலை கத்தி இருந்தது தம்பி. அதையும் சொல்லு.”

“அது சொன்னால் இந்தாள் வேறை மாதிரி நினைப்பர் அக்கா.”

“நினைக்கட்டும். ஏன் எண்டு கேப்பர்தானே.”

பக்கத்தில் இருந்த மனிதர் உண்மையாகவே திரும்பிப் பார்த்தார். “கத்தியோ? அது ஏன் கத்தி?” என்றார்.

தம்பிஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் இருந்து தொடங்கினான்.